பழவேற்காட்டு மூட்டையின் மேல்பக்கம்

அரக்கோணம் சாலையில் இருக்கும் உசேன் பாயின் கருவாட்டுக் கடையைத் தெரியாதவர்கள் திருத்தணியில் இருக்கலாம். அதன் வாசனையைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. கடையின் பின்கட்டில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நெத்திலியில் குப்பை பொறுக்குகிறவள் அவர் மகள் தஹ்சீன். வயது பத்தொன்பது. படிப்பு, பத்தாம் வகுப்பில் பாதி.

பாதியில் நின்றதற்கு, கேட்டவர்கள் உச்சுக்கொட்டும்படியான காரணம் எதுவும் அவளிடம் கிடையாது. வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. போகாதே என்று யாரும் தடுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அறிவியல் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கும் முறை அவளுக்கு வருவதாக இருந்தது. ஆகவே அன்று அவளுக்கு வயிற்றுவலி வந்தது. மறுநாள் போனால் நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்ற வெட்கத்தில் மறுநாளும் போகவில்லை. இரண்டு நாளுக்குக் காரணம் சொல்வது ஒரு நாளுக்குச் சொல்வதைவிடக் கடினம். ஒரு வாரத்துக்குச் சொல்வதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இப்படி வெட்கம் குட்டிபோட்டுக் குட்டிபோட்டு, ஒரு வருடம் முழுக்க ஓடிப்போயிற்று. ஒன்றுமில்லாத வயிற்றுவலிக்காகப் படிப்பைத் துறந்தவர்கள் இந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கடையில் அவளுக்குக் கிடைத்த வேலை அவள் குணத்துக்கு ஏற்றது. நெத்திலி கேள்வி கேட்காது. அதோடு கலந்து வரும் மணல், ஓலைத் துணுக்கு, பொடி நண்டு, சிப்பி, வலை நூல் ஆகியவையும் கேட்காது. அவற்றைப் பொறுக்கி ஒரு தகர டப்பாவில் போட்டுவிட்டு, சுத்தமான நெத்திலியை முன்பக்கம் தள்ளிவிட்டால் போதும். முன்பக்கத்தில் வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்ட அப்பா இருந்தார். மூட்டை தூக்கப் பச்சையப்பன் இருந்தான். நாற்பதைத் தாண்டியவன், கடையில் அப்பாவுக்கு அடுத்தபடி அதிகாரம் அவனுக்குத்தான்.

ஆடிக் கிருத்திகை முடிந்து, காவடிக் கூட்டம் ஊரைவிட்டு இறங்கிய வாரத்தில் அது கிடைத்தது. புதிதாக வந்திருந்த பழவேற்காட்டு மூட்டையைப் பொறுக்க ஆரம்பித்தவள், முதல் முறத்திலேயே அதைப் பார்த்தாள். நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். அதிலிருந்து ஐந்து மெல்லிய கைகள், கைகளின் இருபுறமும் கண்ணாடிச் சீவல் மாதிரி முட்கள். காய்ந்தும் ஊதா நிறம் முழுக்கப் போகவில்லை. ஐந்து பாம்புக்குட்டிகள் ஒரு பொத்தானைக் கடித்துக்கொண்டு செத்துக் கிடப்பதைப் போல் இருந்தது. தகர டப்பாவுக்குப் போகவேண்டியதை அவள் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள்.

உயிரினங்களைப் படம் எடுத்துப் போட்டால் தெரிந்தவர்கள் வந்து பெயர் சொல்லும் செயலி ஒன்று அவள் கைப்பேசியில் இருந்தது. அதில் அவள் பெயர் 'நெத்திலி'. அதுவரை ஒரு மரவட்டையும் இரண்டு பல்லிகளும் போட்டிருந்தாள், யாரும் சீண்டவில்லை. இந்தப் படத்துக்கோ அரை மணியில் பதில் வந்தது. எந்த நாட்டுக்காரரோ, மிக மரியாதையாக எழுதியிருந்தார்: இது பாம்பு நட்சத்திரம், கடலில் மட்டுமே வாழ்வது, வரைபடத்தில் தாங்கள் வைத்த புள்ளி ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறதே, தயவுசெய்து சரிபார்க்கவும்.

புள்ளியை அவள் வைக்கவில்லை. கைப்பேசி தானாகவே வைத்துவிட்டது. ஆனாலும் உலகமே கடை வாசலில் நின்று சிரிக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. அன்றைக்கு முழுக்கக் கைப்பேசியை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாள். மறுநாள் எடுத்து, 'கருவாட்டு மூட்டையில் கிடைத்தது, பழவேற்காட்டு மூட்டை' என்று எழுதி, புள்ளியை ஒற்றை விரலால் இழுத்துக்கொண்டுபோய்ப் பழவேற்காட்டுக்கு எதிரே கடலில் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் புவனா வந்தார். சென்னையில் இந்த நட்சத்திரங்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறவர். "வணக்கம். படம் அருமை. வாய்ப்பக்கமும் ஒரு படம் கிடைக்குமா?" என்று எழுதி, தன் வாட்ஸ்அப் எண்ணையும் கொடுத்திருந்தார்.

அதற்கு வாய் இருக்கிறது என்பதே தஹ்சீனுக்கு அப்போதுதான் தெரியும். அம்மா குல்ஜார் பேகத்தின் மூக்குக்கண்ணாடியைத் திருடி, கைப்பேசிக் கண்ணின் முன்னால் பிடித்து, எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அதன் அடிப்பக்கத்தின் மேல் நட்சத்திரத்தை மல்லாத்தினாள். மல்லாத்தும்போது ஒரு கை பட்டென்று உடைந்தது. ஒட்டவைக்கலாமா என்று எடுத்ததில் இன்னொரு கையும் போயிற்று. பதறிப்போய் எழுதினாள்.

"அதான் அதோட குணமே," என்று புவனா பதில் போட்டார். "உயிரோட இருக்கும்போதும் பிடிச்சா கையை உடைச்சுப் போட்டுட்டுத் தப்பிச்சுப் போயிடும். அப்புறம் முளைச்சுக்கும். உடைஞ்ச கையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. முள்ளைக் கிட்டக்க ஒரு படம் எடுங்க."

இரண்டு நாள் அவள் நெத்திலி பொறுக்கிய லட்சணம் ஊருக்கே தெரிந்தது. உசேன் பாய்க்கு வந்த புகார்களில் மணல் முதலிடம். ஆனால் தஹ்சீனின் தலைக்குள் வேறொரு பாடம் ஓடிக்கொண்டிருந்தது. முள்ளின் ஓரம் ரம்பம் மாதிரி இருந்ததால் இது ஓபியோத்ரிக்ஸ் என்ற கூட்டம் என்று புவனா சொல்லிவிட்டார். அந்தக் கூட்டத்தில் எது என்பதுதான் கேள்வி. நடு வட்டத்தின் முதுகில் முக்கோணத் தட்டுகள் ஜோடி ஜோடியாக இருக்கும். அவை வழுக்கையாக இருந்தால் எங்கேயும் கிடைக்கிற சாதா. தட்டின் மேல் குட்டைக் குட்டையாக முள் முளைத்திருந்தால் இந்தப் பக்கத்துக் கடலில் அரிது. அரிதின் முழுப் பெயர் லத்தீனில் இருந்தது. அவள் வாயில் அது நுழையவில்லை. 'அரிது' என்றே வைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்குள் பார்த்தாள். தட்டின் மேல், இரண்டு நாள் சவரம் செய்யாத தாடி மாதிரி, முள் இருந்தது.

"அரிதேதான்," என்றார் புவனா. "இது தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம்தான் இதுவரைக்கும் பதிவாகியிருக்கு. அங்கே தூத்துக்குடில எல்லாம் நிறையவே கிடைக்கும். வடக்கே பழவேற்காட்டுல யாரும் பார்த்ததே இல்லை. நான் போடற பரவல் வரைபடத்துல இது புதுப் புள்ளி. மூட்டை பழவேற்காடுதான்னு உறுதியா தெரியுமா?"

"உறுதி," என்று எழுதினாள் தஹ்சீன். வாழ்க்கையில் அவள் எழுதிய மிகத் தைரியமான சொல் அதுதான்.

"அப்போ கண்டெடுத்தவர்னு உங்க பேரைப் போடணும். முழுப் பேர் என்னங்க?"

அந்தக் கேள்வியை அவள் பலமுறை எடுத்துப் பார்த்தாள். ஒருவர் அவள் பெயரை எழுதிவைப்பதற்காகக் கேட்டது, வருகைப் பதிவேட்டுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அந்தப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கும் என்பது தெரிந்ததுதான். இங்கே அப்படியில்லை. ஒரு கடற்கரையில் ஒரு புள்ளி, அதற்குப் பக்கத்தில் அவள். அந்தப் புள்ளி அவளுக்கு வேண்டும். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், கல்யாணத்தைவிடவும் வேண்டும்.

வீட்டில் சொன்னபோது குல்ஜார் பேகம், "அதெல்லாம் இருக்கட்டும், என் கண்ணாடி எங்கே?" என்றாள்.

உசேன் பாய் யோசித்துவிட்டு, "கடல்ல கீற பூச்சிக்கு நம்ம ஊட்டு பேரு எதுக்கும்மா?" என்றார். ஆனால் மறுநாளே வாடிக்கையாளர் இரண்டு பேரிடம், மகள் ஏதோ கண்டுபிடித்திருப்பதாக, குரலைத் தாழ்த்திப் பெருமையடித்துக்கொண்டார்.

பச்சையப்பன்தான் விடவில்லை. "பாப்பா, நீ கடல கண்ணால பாத்துகிறியா?"

"மெரினா போயிருக்கேன்."

"அது ஜனங்கள பாக்குற எடம். நான் கேட்டது கடலு."

அவன் கேலி அவளைத் தொடவில்லை. அந்த வாரம் முழுக்க எதுவும் தொடவில்லை. வியாழக்கிழமை புவனாவிடமிருந்து வந்த செய்தியை மனப்பாடமே செய்துவிட்டாள்: "சனிக்கிழமை விடியக்காலை பழவேற்காட்டுல படகு சொல்லியிருக்கேன். முங்கறதுக்கு ரெண்டு பேர் வராங்க. உயிரோட ஒண்ணு கிடைச்சா உங்களுக்குத்தான் முதல் படம். நாளைக்கே அங்கே போய்த் தங்கிடுவேன், நெட் இருக்காது."

வெள்ளிக்கிழமை காலையில் நாகப்பட்டினத்து மூட்டை வந்து இறங்கியது. பச்சையப்பன் சாக்கின் வாயைப் பிரித்து விளிம்பை வெளியே மடித்துவிட்டான். "மிச்சத்த எட்துகினு வா பாப்பா," என்று குரல் கொடுத்தான்.

தஹ்சீன் பழவேற்காட்டு மூட்டையின் அடியில் கிடந்த மிச்சத்தை முறத்தில் அள்ளினாள். கொண்டுவந்து புது மூட்டையின் மேல் கவிழ்த்தாள். உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினாள். சமப்படுத்திக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

கருவாட்டுக் கடையில் இது காலங்காலமாக இருக்கிற வழக்கம். பழைய மிச்சத்தைத் தனியாக வைத்தால் விற்காது. புது மூட்டையின் மேல் பரப்பிவிட்டால் முதலில் அதுவே போய்விடும், யாருக்கும் தெரியாது. தஹ்சீன் இதைச் செய்வதற்கு யோசிப்பதே இல்லை. மூச்சுவிடுகிற மாதிரி செய்துகொண்டிருந்தாள். அதனால்தான் 'உறுதி' என்று எழுதியபோது அவளுக்கு அது நினைவில் வரவில்லை.

இப்போது எல்லாம் வந்தது. கிருத்திகை சமயத்தில் ஊரில் பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது. நெத்திலி வாங்க ஆள் இல்லாமல் கடை ஈ ஓட்டியது. அப்போது விற்காமல் தங்கிப்போனது தூத்துக்குடி மூட்டை. பழவேற்காட்டு மூட்டை வந்ததும், அந்தத் தூத்துக்குடி மிச்சத்தை அள்ளி அதன் மேல் கொட்டியவள் யார்? கொட்டிச் சமப்படுத்தி, பிறகு அதே மேல்பக்கத்திலிருந்து முதல் முறத்தை எடுத்து, அதில் நட்சத்திரத்தைக் கண்டு பூரித்தவள் யார்? மன்னார் வளைகுடாவிலிருந்து பழவேற்காடு வரைக்கும் அந்த உயிர் நீந்தி வரவில்லை. முறத்தில் வந்தது. யாரும் பார்த்திராத அந்த வடக்குப் பயணத்தை நடத்திவைத்த இயற்கைச் சக்தி, உசேன் மகள் தஹ்சீன்.

முதலில் அவளுக்கு வந்த எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. பழவேற்காட்டு நெத்திலியிலேயே இருந்திருக்கலாமே, யார் கண்டது? புவனா போய்ப் பார்க்கட்டும். கிடைத்தாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கடல் பெரியது, நட்சத்திரம் சிறியது. புள்ளி புள்ளியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். திங்கட்கிழமை பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை என்று நினைத்ததும் அவளுக்கு அடிவயிற்றில் ஒரு வலி வந்தது. நன்றாகப் பழகிய வலி. இந்த வலி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அவளைவிட அறிந்தவர் யாருமில்லை. புவனா ஒரு தடவை படகு ஏறிவிட்டால் சொல்வது கடினம். வரைபடத்தை அச்சடித்துவிட்டால் சாகும்வரை முடியாது.

செய்தி எழுதி அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றது. மறுபடியும் எழுதினாள். அதுவும் ஒற்றை டிக். மீதி இருந்த வழி, பேசுவது.

பின்கட்டில் சிக்னல் எடுக்காது. கடைக்கு முன்னால், தராசு மேசைக்குப் பக்கத்தில் நின்றால்தான் எடுக்கும். அங்கே அப்பா இருந்தார். எதிரே ஆர்.கே.பேட்டை வள்ளிநாயகி நின்றுகொண்டிருந்தார். தறிக்காரர் வீட்டு அம்மாள். நூல் வாங்க வரும்போதெல்லாம் நெத்திலியும் வாங்கிக்கொண்டு போவார். இன்னும் இரண்டு மூன்று பேர். வெளியே பஸ்ஸும் ஆட்டோவும் ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. தஹ்சீன் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு, தராசைப் பார்த்தபடி எண்ணை அழுத்தினாள். எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே காதில் வைத்தாள். எடுத்துவிட்டார்கள்.

"அலோ, யாரு?" அந்தப் பக்கம் ஒரே காற்று.

"நான்... நெத்திலி."

"என்னது?"

"தஹ்சீன். திருத்தணி."

"அடடே, தஹ்சீனா? சொல்லுங்க. கேக்கலைங்க, கொஞ்சம் சத்தமா."

"அது பழவேற்காடு இல்லீங்க."

"கேக்கலை. சத்தமா பேசுங்க."

பத்தாம் வகுப்பில் வராத குரல் அப்போது வந்தது. இத்தனை வருடம் செலவழிக்காமல் சேர்த்துவைத்திருந்த குரல். அளவு தெரியாமல் வந்தது.

"பழச எடுத்து புதுசு மேல கொட்டிட்டேங்க. நாங்க எப்பவும் அப்படித்தான். பழசு விக்காதுன்னு புது மூட்டை மேல பரப்பிடுவோம். மேல இருந்ததெல்லாம் பழசு. அந்த நட்சத்திரம் மேலதான் இருந்தது."

வள்ளிநாயகி கையிலிருந்த கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அதிலிருந்த நெத்திலி, கொஞ்சம் முன்னால் தஹ்சீன் தன் கையால் கொட்டிச் சமப்படுத்திய நெத்திலி.

"அப்போ அந்தப் பழசு எந்த ஊரு?" என்று கேட்டார் புவனா.

"தூத்துக்குடி. ஆனா அந்தத் தூத்துக்குடி மேலயும் அதுக்கு முந்தின மிச்சம் இருந்திருக்கும்."

"அது எந்த ஊரு?"

தஹ்சீன் திரும்பினாள். "அப்பா, தூத்துக்குடிக்கு முன்னாடி வந்தது எந்த மூட்டை?"

"மொதல்ல போன கீழ வையி," என்றார் உசேன் பாய், தராசைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

காற்றுக்கு நடுவே புவனா பெருமூச்சு விடுவது கேட்டது. "நல்லவேளைங்க. நாளைக்கு அந்த ரெண்டு பேரும் சேத்துத் தண்ணில முங்கித் துழாவிட்டு இருந்திருப்பாங்க. படகுக்காரர்கிட்ட இப்பவே சொல்லிடறேன்."

"மன்னிச்சுக்கோங்க."

"இனத்தை நாம சரியாத்தான் கண்டுபிடிச்சோம். அதுல சந்தேகம் இல்லை. இடம்தான் போச்சு. இடம் தெரியாம புள்ளி வைக்க முடியாது, என்ன?"

"ஆங்," என்றாள் தஹ்சீன். புள்ளி போனால் பக்கத்தில் எழுதிய பெயரும் போகுமா என்று கேட்க நினைத்தாள். கேட்கிற அளவுக்கு அவள் அறிவில் குறைந்தவள் இல்லை. போனை வைத்தாள்.

"பாய்," என்றார் வள்ளிநாயகி. "மேல கீறதுதான் நேத்து வந்த சரக்குன்னு சொல்லி சொல்லி இத்தினி வருசமா போட்டுகினு கீறியே."

உசேன் பாய் அசரவில்லை. "யம்மா, நெத்திலியில இன்னா பழசு புதுசு? செத்து, காஞ்சி, உப்புல ஊறி வர்து. கருவாடே பழசுதானே."

"அப்படியா? அப்போ அந்தப் பழச உன் ஊட்டுக்கு எட்துகினு போ. எனக்கு அடியில இருந்து போடு."

"அடியிலயா?"

"அடியிலதான். உம் பொண்ணே போடட்டும். அதான் நெஜம் பேசுது."

தஹ்சீன் மூட்டைக்குள் கையை விட்டாள். முழங்கை வரை போனது, தோள் வரை போனது, கன்னம் நெத்திலியில் உரசியது. அள்ளிக்கொடுத்ததை வள்ளிநாயகி மோந்து பார்த்தார். "இது கருவாடு" என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார். பச்சையப்பன் சாக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஏறிய பேச்சு ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கியிருக்க வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து வந்தவர்களெல்லாம் அடியிலிருந்தே கேட்டார்கள். பெயருக்குப் பதிலாகத் தஹ்சீனுக்குக் கிடைத்தது தோள்வலி. உடம்பில் பாதி எப்போதும் மூட்டைக்குள் இருந்தது. அப்பா அவளோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து, "சில பேருக்கு வாய் இல்லன்னு நெனச்சிகினு இருந்தேன்," என்று மட்டும் சொன்னார்.

ஆனால் வியாபாரி வியாபாரிதான். எல்லோரும் அடியிலிருந்து எடுத்தால் மேலே பரப்பிய பழசு எந்தக் காலத்திலும் இறங்காது என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம் வாங்கிவந்து மிச்சத்தையெல்லாம் அதில் கொட்டச் சொன்னார். கே.ஜி.கண்டிகையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஒருவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆக, கடையில் ஒரு ஊர் நெத்திலி இன்னொரு ஊர் நெத்திலியின் தலையில் ஏறி உட்காருவது நின்றுபோயிற்று.

இதைத் தஹ்சீன் புவனாவுக்கு எழுதினாள். பெருமைக்கு எழுதவில்லை, பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. "அப்படியா?" என்று உடனே பதில் வந்தது. "அப்போ இனிமே மூட்டையில வர்ற குப்பையை ஊர் ஊரா தனித்தனியா எடுத்து வைப்பீங்களா? மீன்காரங்க எந்தக் கடல்ல பிடிச்சாங்கன்னு அப்புறம் கேட்டுக்கலாம்."

ஒரே தகர டப்பா இருந்த இடத்தில் நான்கு டப்பாக்கள் வந்தன. அடுத்து வந்த கடலூர் மூட்டையில் பொடி நண்டு கிடைத்தது, வலை நூல் கிடைத்தது, ஒரு குழந்தையின் பிளாஸ்டிக் வளையல் கிடைத்தது. கடைசி முறத்தில் ஒரு கை. கை மட்டும். இருபுறமும் கண்ணாடி முள். அம்மாவின் கண்ணாடியைக் கேட்டே வாங்கி, படம் எடுத்து அனுப்பினாள்.

"கையை மட்டும் வெச்சு இனம் சொல்ல முடியாதுங்க," என்றார் புவனா. "நடு உடம்பு வேணும். தேடிப் பாருங்க."

மூட்டை முழுக்கத் தேடிவிட்டாள். அந்த உடம்பு கடலூரிலேயே புதுக் கை முளைத்துச் சௌக்கியமாக இருக்கும் என்று நினைத்தபடி, கையை எடுத்துக் கடலூர் டப்பாவில் போட்டாள்.

முன்பக்கத்தில் யாரோ ஒரு பெண், "இது எந்த ஊரு நெத்திலிங்க?" என்று கேட்டாள். அப்பா வெளியே டீ குடிக்கப் போயிருந்தார். பச்சையப்பனும் இல்லை. தஹ்சீன் கையைத் துடைத்துக்கொண்டு தராசு மேசைக்கு வந்தாள்.

"கடலூர்ங்க."

"கேக்கல, இன்னாது?"

"கடலூருங்க," என்றாள், கொஞ்சம் உரக்க. "மேலயும் கடலூரு, அடியிலயும் கடலூரு. எங்க இருந்து வேணும்?"